ஸ்கீன் குடும்பத்தின் கேமராவும் மலையகத்தின் முகங்களும்

இலங்கையின் மலையகத் தமிழர் வரலாறு பற்றிய எந்த நூலைத் திறந்தாலும், எந்தக் கண்காட்சிக்குப் போனாலும், ஒரே வகையான பழைய படங்கள் திரும்பத் திரும்ப எதிர்ப்படும். முதுகில் கூடை தொங்க, தலையில் கயிறு அழுந்த நிற்கும் பெண்கள். கோப்பிக்கொட்டை உலர்த்தும் களத்தில் குந்தியிருக்கும் ஆட்கள். தலைப்பாகையும் கோட்டுமாக, ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்கிய கங்காணி. காடு வெட்டிய சரிவில் நீளமாகக் கட்டிய லயன்கள் என்ற தொழிலாளர் வரிசை வீடுகள். இந்த மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதைக் குறித்து 2023-இல் மலையகம் 200 நினைவு நிகழ்வுகள் நடந்தபோது இவை இன்னும் பரவலாகக் கைமாறின. படத்தில் இருப்பவர் யார், அது எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. எடுத்த ஸ்டூடியோவின் பெயர் மட்டும் சில படங்களின் கீழ் ஓரத்தில் வெள்ளை எழுத்தில் தெளிவாக இருக்கும். அப்படி அடிக்கடி கண்ணில் படும் பெயர்களில் ஒன்று ஸ்கீன்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கொழும்பில் நடந்த குடும்பத் தொழில் அது. தந்தை அரசு அச்சகர், மூத்த மகன் புகைப்படக்காரர், அவருடைய தம்பியும் புகைப்படக்காரர். கோப்பி வாழ்ந்ததையும் வீழ்ந்ததையும் தேயிலை எழுந்ததையும் இரயில் பாதை மலையேறியதையும் கொழும்புத் துறைமுகம் கட்டப்பட்டதையும் இந்தக் குடும்பத்தின் கண்ணாடித் தகடுகள் பதிவு செய்தன. இன்று நம் முன்னோரின் முகங்களைத் தேடும்போது, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அந்தக் குடும்பத்தின் விற்பனைப் பட்டியல் வழியாகத்தான் அவர்களிடம் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. அதனால் அந்தத் தொழில் எப்படி நடந்தது, யாருக்காக நடந்தது என்று தெரிந்துகொள்வது அந்தப் படங்களைப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு முதல் படி என்று நினைக்கிறேன்.

தந்தை வில்லியம் ஸ்கீன் 1849-இல் இலங்கைக்கு வந்து அரசு அச்சகராகப் பொறுப்பேற்றவர். வர்த்தமானி என்ற அரசிதழ், சட்டங்கள், நிர்வாக அறிக்கைகள் எல்லாம் அச்சேறும் இடத்தின் தலைவர். குடியேற்ற நாட்டு ஆட்சி காகிதத்தில் நடந்த ஆட்சி. அந்தக் காகிதம் அவர் கையால் வெளிவந்தது. ஆளுநர் அலுவலகம் முதல் தோட்டத்துரைமார் சங்கம் வரை யாருக்கு என்ன தேவை என்பது அந்தப் பதவியில் இருப்பவருக்குத் தானாகத் தெரியவரும். அவர் கவிதையும் எழுதினார், அச்சுக்கலையின் தொடக்க வரலாறும் எழுதினார். சிவனொளிபாத மலையைப் பற்றி அவர் எழுதிய விரிவான நூல் 1870-இல் வெளிவந்தது; அதன் வெளியீட்டாளராக இருந்தது அவர் மகனின் புகைப்பட நிறுவனம். அச்சும் புகைப்படமும் ஒரே வீட்டுக்குள் கைகோத்திருந்ததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

1860-இல் கொழும்பில் ஏற்கெனவே இயங்கி வந்த ஒரு ஸ்டூடியோவைத் தந்தை ஸ்கீன் விலைக்கு வாங்கினார். மகன் வில்லியம் லூயிஸ் ஹென்றி ஸ்கீன் லண்டன் புகைப்படப் பள்ளியில் தொழில் கற்றுவிட்டுச் சில ஆண்டுகளில் கொழும்பு வந்து சேர்ந்தார். தொடக்கத்தில் தொழில் எஸ். ஸ்லின் அண்ட் கம்பெனி என்ற பெயரில் நடந்தது. 1868-இல் அது டபிள்யூ. எல். எச். ஸ்கீன் அண்ட் கம்பெனி ஆனது. மகனுக்குத் தொழில் அமைத்துக் கொடுக்க ஓர் அச்சகர் ஏன் புகைப்படத்தைத் தேர்ந்தெடுத்தார்? ஒரு மூலத்தை வைத்துப் பல பிரதிகள் எடுத்து விற்பதுதான் இரண்டு தொழிலுக்கும் அடிப்படை. காகிதத்தையும் மையையும் இரசாயனத்தையும் கப்பலில் வரவழைக்கும் வழி அவருக்குத் தெரியும். வாங்கக்கூடியவர்கள் யாரென்றும் தெரியும். இன்னொன்று, அரசு வேலைக்கு ஓய்வு வயது உண்டு, மாற்றல் உண்டு. சொந்த ஸ்டூடியோ குடும்பத்தின் கையில் நிற்கும் சொத்து. தந்தை 1872-இல் மறைந்தார். 1880களில் இலங்கை அரசு வெளியிட்ட நூல்களின் முகப்பில் ஜார்ஜ் ஜே. ஏ. ஸ்கீன், அரசு அச்சகர் என்று மீண்டும் அதே குடும்பப் பெயரைக் காண்கிறோம்.

அந்தக் காலத்துப் புகைப்படத் தொழிலைப் புரிந்துகொள்ள அதன் உடல் உழைப்பைக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். 1850களிலிருந்து 1880 வரை ஆட்சி செய்தது ஈரத்தகடு முறை. கண்ணாடித் தகட்டைத் துடைத்து, அதன்மேல் கொலோடியன் என்ற பிசின் போன்ற திரவத்தைச் சீராக ஊற்றிப் பரப்ப வேண்டும். பிறகு இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். எடுத்த தகடு காய்வதற்குள் கேமராவில் செருகி, படம் பிடித்து, மறுபடி இருட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி உருவத்தை வரவழைக்க வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள். குளிர் நாட்டில் பத்து நிமிடம் தாங்கும் தகடு, கொழும்பு வெயிலில் அதற்கு முன்பே காய்ந்து பாழாகும். ஆகவே மலையில் ஒரு காட்சியை எடுக்கப் போனால் இருட்டுக் கூடாரம், கண்ணாடிப் பெட்டிகள், இரசாயனக் குப்பிகள், தண்ணீர் எல்லாம் கூடவே ஏற வேண்டும். அவற்றைச் சுமந்த தோள்கள் எந்தப் படத்திலும் இல்லை.

கண்ணாடியில் கிடைப்பது நெகடிவ். அதைக் காகிதத்தில் பதிப்பது வேறொரு வேலை. முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளை வெள்ளிக் கரைசலில் உணர்திறன் ஏற்றி, நெகடிவோடு ஒட்டிவைத்து வெயிலில் காட்டுவார்கள். பெரிதாக்கும் கருவி வழக்கத்தில் இல்லாததால், பெரிய படம் வேண்டுமென்றால் நெகடிவ் கண்ணாடியே அந்த அளவு இருக்க வேண்டும். பதித்த படத்தைத் தங்க உப்புக் கரைசலில் தோய்த்தால் நிறம் ஊதா கலந்த பழுப்பாக நிலைபெறும். அந்தக் காலப் படங்களின் அழகான பழுப்பு நிறத்துக்கு இதுவே காரணம். ஈரக் காற்றில் காலப்போக்கில் மஞ்சளாகி மங்குவதற்கும் அந்த முட்டைத் தாளே காரணம்.

இந்த முறையில் ஒரு குணம் மலையகப் படங்களைப் பார்க்கும் நமக்கு முக்கியமானது. கொலோடியன் தகடு நீல ஒளிக்கு விரைவாக வினைபுரியும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் மிக மந்தம். அதனால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். இலைகள் கருமையாக விழும். பழுப்புத் தோலும் இருப்பதைவிட அதிகக் கருமையாக விழும், வெள்ளைத் துணி கண்ணைப் பறிக்கும். வெள்ளை உடுப்பில் வெளிறிய முகத்தோடு துரையும், இலைகளோடு இலையாகக் கரைந்துபோன தொழிலாளரும் ஒரே படத்தில் நிற்கும்போது, நாம் காண்பது பாதி உண்மை, பாதி இரசாயனம். ‘எவ்வளவு கறுப்பு’ என்று நம்மவர்களே அந்தப் படங்களைப் பார்த்துச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

வருமானம் இரண்டு வழியில் வந்தது. ஒன்று உருவப்படம். கையடக்க அட்டையில் ஒட்டிய சிறிய படங்கள் 1860களில் உலகெங்கும் பெரும் மோகமாயின. அதிகாரிகளும் துரைமாரும் கொழும்பின் வசதியான குடும்பங்களும் ஸ்டூடியோவுக்கு வந்து உட்கார்ந்து எடுத்துக்கொண்டார்கள். அன்றாடச் செலவை ஓட்டியது அது. மற்றது காட்சிப்படம்: மலைகள், அருவிகள், பேராதனைத் தோட்டம், கோயில்கள், தெருக்கள், தோட்ட வேலைகள், ‘மனித வகைகள்’. உருவப்படத்தை வாங்குபவர் அந்த ஒருவர்தான். காட்சிப்படத்தை யாரும் வாங்கலாம், எத்தனை ஆண்டு கழித்தும் வாங்கலாம். நல்ல காட்சி நெகடிவ் ஒன்று, நட்டுவைத்த தென்னை காய்ப்பதுபோல, எடுத்தவர் காலத்துக்குப் பிறகும் குடும்பத்துக்குக் காய்த்துக்கொண்டே இருக்கும். புகைப்படம் ஏன் குடும்பத் தொழிலாகப் பல இடங்களில் நிலைத்தது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. கேமரா பழசாகும், இரசாயனம் தீரும். அலமாரியில் எண்ணிட்டு அடுக்கிய கண்ணாடிகள்தான் மூலதனம். தந்தையிடமிருந்து மகனுக்கு, அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போனது அந்த அலமாரி.

இதன் விளைவாக ஆய்வாளருக்கு ஒரு சிக்கல் மிஞ்சியிருக்கிறது. 1870-இல் எடுத்த நெகடிவை 1890-இலும் பதித்து விற்றார்கள். ஸ்டூடியோ கைமாறினால் நெகடிவும் கைமாறும். புதிய உரிமையாளர் பழைய பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தன் பெயரைப் பொறிக்க முடியும். ஆல்பத்தில் 1895 என்று எழுதியிருந்தால் அது வாங்கிய ஆண்டு, எடுத்த ஆண்டு அல்ல. இணையத்தில் ஆண்டு குறிப்பிட்டுப் பகிரப்படும் பழைய மலையகப் படங்களில் பலவற்றின் ஆண்டு இப்படி வந்ததுதான். படத்துக்குள்ளேயே சான்று தேடினால் ஒழிய அந்த ஆண்டுகளை நம்பக் கூடாது.

ஸ்கீன் தொழில் வளர்ந்த காலம் இலங்கையின் நிலமே உருமாறிய காலம். கொழும்பிலிருந்து கண்டிக்கு இரயில் 1867-இல் போய்ச் சேர்ந்தது. பாதை போட்டதன் முதல் நோக்கம் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் கப்பல்களின் வழி சுருங்கியது. அதே 1869-இல் கோப்பி இலைகளில் ஆரஞ்சு நிறத் துரு நோய் தென்பட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோப்பிப் பொருளாதாரம் சரிந்தது. துரைமாருக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884-இல் வீழ்ந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, 1873-இல் வெறும் 23 இறாத்தல் (பவுண்டு) ஏற்றுமதியாகி, பிறகு மலையை முழுக்க மூடியது.

காலியில் நின்று போன கப்பல்களைக் கொழும்புக்கு இழுக்க ஒரு பெரிய அலைதாங்கி கட்டப்பட்டது. வேல்ஸ் இளவரசர் 1875 டிசம்பரில் அதற்கு முதல் கல் வைத்தார். 1885 வாக்கில் அது முடிந்தது. அந்தக் கட்டுமானத்தைத் தொடர்ந்து படமெடுத்தது ஸ்கீன் நிறுவனம். அரசுக்கும் பொறியாளர்களுக்கும் பணி எந்த அளவில் இருக்கிறது என்று லண்டனுக்குக் காட்டச் சான்று வேண்டியிருந்தது. ஸ்டூடியோவுக்கு அதனால் இரட்டை ஆதாயம். அலைதாங்கியைப் படமெடுத்ததற்கு ஒரு வருமானம். அலைதாங்கி முடிந்ததும் அதற்குள் வந்து நின்ற கப்பல்களிலிருந்து இறங்கிய பயணிகள் வாங்கிய படங்களால் இன்னொரு வருமானம். கப்பல் நிலக்கரி ஏற்றும் நேரத்தில் ஊர் சுற்ற இறங்கியவருக்கு இலங்கை முழுவதையும் ஓர் ஆல்பத்தில் கொடுக்க முடிந்தது. கண்டிக்குப் போகாதவரும் கண்டியை வாங்கிப் போனார்.

போட்டி இல்லாமலில்லை. கண்டியில் ஜோசப் லாட்டன் இருந்தார். தொல்லியல் குழுவுக்காக 1870–71-இல் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களை அவர் எடுத்த படங்கள் இலங்கைப் புகைப்பட வரலாற்றின் உச்சங்களில் ஒன்று. காடு மண்டிய இடிபாடுகளில் மாதக்கணக்கில் உழைத்த மனிதர் உடல்நலம் கெட்டு 1872-இல் இறந்தார். சார்ல்ஸ் ஸ்கோவன் 1870களில் கண்டியில் தொழில் தொடங்கிப் பிறகு கொழும்புக்கும் விரித்தார். செடிகொடிகளையும் முகங்களையும் ஒளியோடு சேர்த்துப் பார்த்ததில் ஸ்கோவனின் கண் ஸ்கீன்களைவிட நுட்பமானது என்பது என் கருத்து. ஸ்கீன் படங்களின் பலம் வேறு: ஒழுங்கு, தெளிவு, எதையும் விடாமல் பட்டியலிடும் பொறுமை. ஓர் அச்சகரின் வீட்டிலிருந்து வந்த பண்பாக அது எனக்குப் படுகிறது.

ஜூலியா மார்கரெட் கேமரன் தனி. இங்கிலாந்தில் பெரும் புகழ் பெற்றிருந்த அந்தப் பெண்மணி 1875-இல் கணவரோடு இலங்கை வந்து, 1879-இல் டிக்கோயாவில் இறந்தார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். கணவர் கோப்பித் தோட்டங்களின் சொந்தக்காரர். தொழிலாளர்களை ஜூலியா எடுத்த படங்கள் மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கின்றன. அவற்றில் மனிதர்கள் வெறுமனே வேலையின் அடையாளமாக நிற்பதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு மனநிலை இருப்பது தெரிகிறது. அவருக்கு விற்கும் அவசரம் இல்லை என்பதையும், படத்தில் இருந்தவர்கள் அவர் குடும்பத்தின் ஆதிக்கத்துக்குள் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி அந்த முகங்களுக்கு வருவோம். ஸ்டூடியோக்களின் விற்பனைப் பட்டியலில் மனிதர்கள் வகைகளாக இருந்தார்கள்: தமிழ்ப் பெண், தமிழ்க் கூலி, ரொடியப் (சிங்களவரில் ஒடுக்கப்பட்ட சாதி) பெண், பேயாட்டக்காரர், சோனக (முஸ்லிம்) வியாபாரி. பெயர் சேர்த்தால் படத்தின் சந்தை குறுகிவிடும். லண்டனில் ஆல்பம் புரட்டுபவருக்கு ஒரு தனி மனுஷியின் பெயர் தேவையில்லை, ‘தமிழ்ப் பெண்’ போதும். அதே ஸ்டூடியோ உருவப்படத்துக்கு வந்த துரையின் பெயரைக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தாக வேண்டும், ஏனென்றால் பிரதி கேட்டு அவர் மறுபடி வருவார். பெயர் இருந்ததும் இல்லாததும் வாடிக்கையாளர் யார் என்பதைப் பொறுத்தது. தனிப்பட்ட வெறுப்பு எதுவும் தேவைப்படாமலே, தொழிலின் இயல்பான ஓட்டத்திலேயே, ஒரு சமூகத்தின் பெயர்கள் அனைத்தும் உதிர்ந்துபோயின. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

நிற்பதற்கு யார் அனுமதி கேட்டார்கள் என்பதும் எளிதில் ஊகிக்கக்கூடியது. தோட்டத்துக்குள் கேமரா நுழைய வேண்டுமென்றால் துரையின் சம்மதம் வேண்டும். துரை சொன்னால் கங்காணி ஆட்களை நிறுத்துவார். ஈரத்தகட்டுக்கு வெயிலிலும் சில நொடிகள் அசையாமல் நிற்க வேண்டும். அதனால் கொழுந்து பறிப்பது என்ற படத்தில் யாரும் பறிப்பதில்லை, பறிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓரத்தில் அசைந்துவிட்ட ஒரு குழந்தை புகைபோல் கலைந்திருக்கும். வேலையின் வேகமும் இரைச்சலும், நாளுக்கு இத்தனை இறாத்தல் என்ற அழுத்தமும் அந்த அமைதிக்குள் மறைந்துவிடுகின்றன. தேயிலையை விற்கும் விளம்பரங்களுக்கு அந்த அமைதி மிகவும் உதவியது. 1890-இல் இலங்கையில் தோட்டங்கள் வாங்கத் தொடங்கிய தாமஸ் லிப்டன் போன்றவர்களின் விளம்பரங்களில் கூடையோடு சிரிக்கும் தமிழ்ப் பெண் நிரந்தரமாக இடம் பிடித்தாள்.

ஆனாலும் கேமரா, எடுத்தவர் நினைத்ததைவிட அதிகமாகப் பதிவு செய்யும். அந்தக் கண்ணாடித் தகடுகளின் கூர்மை அபாரம். பெரிதாக்கிப் பார்த்தால் துணியின் நெசவு தெரியும். பெண்களின் காதில் தொங்கும் பாம்படமும் தண்டட்டியும் மூக்குத்தியும் தெரியும். தெற்கத்திச் சீமையின் எந்தப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்று ஊகிக்க அவை கைகாட்டும். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்த மக்கள் தம் சேமிப்பைக் காதிலும் கழுத்திலும் வைத்திருந்தார்கள். மழைக்குக் கம்பளியை எப்படிப் போர்த்தினார்கள், கூடைக் கயிறு தலையில் எங்கே உட்கார்ந்தது, லயன் அறைக்கு எத்தனை கதவு, முன்னால் கால்வாய் இருந்ததா, வேலைக் கூட்டத்தில் எத்தனை சிறுவர்கள் என்பதையெல்லாம் எண்ணிச் சொல்ல முடிகிறது. எந்தத் துரையின் நாட்குறிப்பும் இவ்வளவு தகவல் தராது. வெட்டிச் சாய்த்த மரங்களின் அடிக்கட்டைகள் தேயிலைச் செடிகளுக்கிடையே இன்னும் நிற்பதைப் பார்த்தால், அது புதிதாகத் திறந்த நிலம் என்றும், அந்தக் காட்டை வெட்டியவர்கள் அதே கூட்டத்தார் என்றும் புரியும்.

பட்டியலில் இல்லாதவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டு வழியே மாத்தளை வரை நடந்த வடக்குப் பாதையில் காலராவுக்கும் பசிக்கும் இறந்தவர்கள் விற்பனைக்குரிய காட்சி அல்ல. கங்காணியிடம் வாங்கிய முன்பணம் கடனாகித் தலைமுறைக்கும் தொடர்ந்தது. கடன் கண்ணாடியில் விழாது. நோய்ப்படுக்கை இல்லை, பிரசவம் இல்லை, கூலி பிடித்தம் இல்லை. மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும் இரவில் லயன் முற்றத்தில் நடந்தவை. இருட்டில் படமெடுக்கும் வசதி அன்று இல்லை. மலையக மக்கள் தாங்களே தங்களுக்காகச் செய்துகொண்ட காரியங்கள் அனைத்தும் வேலை நேரத்துக்கு வெளியே நடந்தன. கேமரா வந்தது வேலை நேரத்தில்.

குடும்பத் தொழில் கடல் தாண்டியும் கிளைத்தது. தம்பி பிரெடரிக் ஆல்பர்ட் எட்வர்ட் ஸ்கீன் 1880களின் பிற்பகுதியில் ரங்கூனில் வாட்ஸ் அண்ட் ஸ்கீன் என்ற கூட்டு ஸ்டூடியோ நடத்தினார். 1886 தொடக்கத்தில்தான் மேல் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு இணைக்கப்பட்டிருந்தது. புதிதாகப் பிடித்த நாட்டைப் பார்க்க ஆவலான சந்தை, அரிசி, தேக்கு, துறைமுகம் எல்லாம் அங்கே தயார். அங்கும் தமிழர்கள் இருந்தார்கள், கூலிகளாகவும் செட்டிமாராகவும். பேரரசு எங்கே பணம் போட்டதோ அங்கே புகைப்படக்காரரும் போனார் என்பதற்கு ரங்கூன் கிளை நல்ல எடுத்துக்காட்டு. தம்பி பின்னர் கொழும்பு திரும்பி அண்ணன் விட்ட இடத்தில் தொழிலைத் தொடர்ந்தார்.

இதே காலத்தில் இந்தியாவில் லாலா தீன் தயாள் தன் மகன்களோடு நடத்திய தொழிலை ஒப்பிட்டுப் பார்க்கலாம். செகந்திராபாத்தில் 1886-இல் ஸ்டூடியோ. ஐதராபாத் நிஜாமின் அரசவைப் புகைப்படக்காரர் பதவி. திரைமறைவில் வாழ்ந்த பெண்களுக்காக 1892-இல் பெண் ஒருவரின் பொறுப்பில் தனி ஸ்டூடியோ. அங்கே படமெடுத்தவரும் இந்தியர், பணம் கொடுத்து உட்கார்ந்தவர்களில் பலரும் இந்தியர். தாங்கள் எப்படித் தோன்ற வேண்டும் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. தோட்டத்தில் நின்றவர்களுக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. வேறுபாடு நாட்டினால் வந்ததல்ல, யார் கையில் பணம் இருந்தது என்பதால் வந்தது.

1880களில் ஜெலட்டின் உலர்தகடு வந்ததும் ஈரத்தகட்டின் அவசரமும் இருட்டுக் கூடாரமும் தேவையற்றுப் போயின. தொழிலுக்கு அது வசதி, தொழில்காரருக்கு ஆபத்து. கைத்திறன் குறைந்த இடத்தில் போட்டி பெருகியது. 1888-இல் கோடக் கேமரா வந்தது. கப்பல் பயணிகள் தாங்களே படமெடுக்கத் தொடங்கினார்கள். அச்சு இயந்திரத்தில் நேரடியாகப் புகைப்படம் பதிக்கும் முறை பரவியதும் ஒட்டு ஆல்பத்துக்குப் பதில் படப் புத்தகம் வந்தது. அடுத்து அஞ்சலட்டை. ஒரு பெரிய முட்டைத்தாள் படத்தை வாங்கும் காசுக்குக் கட்டுக் கட்டாக வண்ண அட்டை வாங்கலாம். 1890-இல் பிளாட்டே தம்பதியர் கொழும்பில் தொடங்கிய நிறுவனம் அந்தச் சந்தையைப் பிடித்தது; அதுவும் ஒரு குடும்பத் தொழில்தான். கொழும்பு அப்போதிகரீஸ் கம்பெனி போன்ற பெரிய கடைகளும் புகைப்படப் பிரிவு வைத்தன. அண்ணன் வில்லியம் லூயிஸ் ஹென்றி ஸ்கீன் 1903-இல் மறைந்தார். 1920 வாக்கில் நிறுவனத்தின் கதை முடிந்தது.

படங்கள் மட்டும் வாங்கியவர்களோடு பயணப்பட்டுவிட்டன. ஓய்வு பெற்ற துரைமாரும் அதிகாரிகளும் கொண்டுபோன ஆல்பங்கள் பிரிட்டிஷ் நூலகத்திலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலும் ஏலக் கடைகளிலும் இருக்கின்றன. அவற்றில் இருப்பவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் புகைப்படம் வேறொரு வடிவில் வந்தது. 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களைப் பெரும்பான்மையாக நாடற்றவர்களாக்கியது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. இந்தியாவுக்குப் போகக் கடவுச்சீட்டு வேண்டும், கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். மலைநாட்டு நகரங்களின் சிறிய ஸ்டூடியோக்களில் குடும்பம் குடும்பமாக வந்து, காசு கொடுத்து, பெயர் சொல்லி உட்கார்ந்தார்கள். அந்தப் படங்களுக்குப் பெயர் உண்டு, ஆண்டு உண்டு, பல சமயம் தோட்டத்தின் பெயரும் உண்டு. நீலகிரி, கூடலூர், கோத்தகிரி வீடுகளின் இரும்புப் பெட்டிகளில் அவை இன்னும் இருக்கின்றன. ஸ்கீன் ஆல்பங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அவற்றுக்கும் கிடைக்க வேண்டும். இப்போது எந்தக் காப்பகமும் தேடி வராமல் அவை ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அழிந்துகொண்டிருக்கின்றன என்பதே என் கவலை.

பழைய படங்களைப் பொறுத்தவரை செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. இணையத்தில் ஏற்றப்பட்ட பல தொகுப்புகளில் 19-ஆம் நூற்றாண்டு ஸ்டூடியோ வைத்த தலைப்பே இன்றும் தலைப்பு. மனிதரின் பெயரை இனி மீட்க முடியாமல் போகலாம். இடத்தை மீட்க முடியும். பின்னால் தெரியும் மலை முகடு மாறவில்லை. தொழிற்சாலை நின்ற இடமும் ஆற்றின் வளைவும் பல தோட்டங்களில் அப்படியே இருக்கின்றன. ஹட்டனிலும் பூண்டுலோயாவிலும் மஸ்கெலியாவிலும் வளர்ந்த ஒருவர் அந்த முகட்டைப் பார்த்த மாத்திரத்தில் இது எங்கள் தோட்டம், மேல்பிரிவு, பழைய லயத்தடி என்று சொல்லிவிடுவார். லண்டனில் இருக்கும் காப்பாளரால் அது முடியாது. மலையகப் பள்ளிகளிலும் தொழிற்சங்க அலுவலகங்களிலும் இந்தப் படங்களைப் பெரிதாக அச்சிட்டு மாட்டி, முதியவர்களைக் கூட்டிக் கேட்டு, கிடைக்கும் தகவலை நூலகங்களின் பட்டியலுக்கு எழுதி அனுப்பினால், ‘தமிழ்க் கூலிகள், இலங்கை’ என்ற தலைப்புக்குக் கீழே குறைந்தது தோட்டத்தின் பெயராவது ஏறும். பெரும்பாலான நூலகங்கள் இத்தகைய திருத்தங்களை ஏற்கின்றன. முகட்டை அடையாளம் காணக்கூடிய தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்களிடம் இப்போதே கேட்டாக வேண்டும்.